ஐந்தாவது ஆள்

அணிக்கு ஐந்து பேர்.
நான்கு பேருக்குக் குதிரை.
எனக்கு வாளி.

மொன்டானாவில் ஜூலை,
சந்தைத் திடலின் தகரக் கொட்டகை.
லாயக் கதவுகளில் எங்கள் பச்சை ரிப்பன்.
அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள்
என் கையெழுத்தில்.
விடியற்காலை ஐந்தேகாலுக்கு எடுத்த நாடி:
டர்னிப், முப்பத்தாறு.

நடுவர் திருமதி ஆஸ்ட்ராண்டர்
சேணத்தைப் பார்ப்பதில்லை,
சேணத்தின் அடிவயிற்றைப் பார்ப்பார்.
வாரின் கொக்கியைக் கழற்றி
அதன் நாக்கு படுத்திருந்த இடத்தில்
நகத்தால் ஒரு கோடு இழுப்பார்.
அழுக்கு வந்தால் அரைப் புள்ளி.
கட்டிய கயிறு ஒரே இழுப்பில் அவிழாவிட்டால் ஒன்று.
வாளித் தண்ணீர் பாதிக்குக் கீழே போனால்
பேசாமல் எழுதிக்கொள்வார்.
அந்தப் பென்சில்
என் தூக்கத்திலும் எழுதும்.

முதல் நாள் நகம் சுத்தமாகத் திரும்பியது.
"ஏறாதவள் வாங்கித் தந்த புள்ளி" என்று
கோல்டர் என்னைத் தூக்கிச் சுற்றினான்.
பாராட்டுத்தான்.

பதினொரு வயதில் விழுந்தேன், காறை எலும்பு இரண்டாக.
குதிரைமேல் இருந்த ஆசை போகவில்லை.
குதிரைமேல் இருக்கும் ஆசை போய்விட்டது.

இரண்டாம் நாள்.
தடை தாண்டலுக்கு நாற்பது நிமிடம்.
முதுகைக் காட்டி உட்கார்ந்து
கடிவாள இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் சிக்னே
டர்னிப்பைத் துள்ளுநடையில் ஓட்டி வந்தாள்.
துள்ளுநடைக்கு இரண்டே தட்டு,
எண்ணெய் போட்ட தையல் மிஷின்போலச் சமமாக விழும்.
டக் டக்
டக் டக்
டக்
டக்.
ஏதோ ஒன்று
ஒரு நூல் தாமதமாக.

திரும்பினேன். நொண்டவில்லை. தலை ஆடவில்லை.
"இன்னொரு முறை."
சரியாக இருந்தது.
"இன்னொரு முறை."
சரியில்லை. சரியாக இருந்தது. எனக்கே தெரியவில்லை.
குளம்பைத் தூக்கினேன், கல் இல்லை.
தசைநாண் நெடுக விரலை ஓட்டினேன், சூடு இல்லை.
டர்னிப் என் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு
காரட் தேடியது.

சிக்னே தலைக்கவசத்தின் வாரைக்கூட மாட்டிவிட்டாள்.
அவள் அப்பா வைக்கோல் அறுப்பைப் பாதியில் விட்டு
முந்நூறு மைல் ஓட்டி வந்து
வேலியோரம் நிற்கிறார், கழுவிய தொப்பியோடு.
நடுவர் எதையும் கவனிக்கவில்லை.
யாரும் கவனிக்கவில்லை.

சொன்னேன்: இடது முன்கால்.

சொன்ன பிறகும் அது
வாயிலேயே கிடந்தது, கடிவாளம்போல,
இரும்பு ருசியோடு.

மருத்துவர் காலை மடக்கிப் பிடித்து,
விட்டு, ஓடவைத்துப் பார்த்தார்.
"இருக்கலாம்" என்றார். "இல்லாமலும் இருக்கலாம்.
என் குதிரையாக இருந்தால்…"
அந்த வாக்கியத்தை அங்கேயே கட்டிவிட்டு
அடுத்த லாயத்துக்குப் போனார்.

மற்ற அணிகள்
நான்கில் மோசமானதைக் கழித்துக்கொண்டன.
எங்களிடம் மூன்றுதான், கழிக்க எதுவுமில்லை.
தண்ணீர்ப் பள்ளத்தின் முன்
கோல்டரின் குதிரை இரண்டு முறை நின்றது,
இரண்டும் கணக்கில் ஏறின.
ஏழாம் இடம்.
பராமரிப்பில் மட்டும் முதலிடம்.
அந்த ரிப்பனை
குளம்புக்கொக்கி கிடக்கும் பையில் திணித்தேன்.

திரும்பும் வழியில் சிக்னேயும் நானும்
பின் இருக்கையில்,
நடுவில் இரண்டு சேணங்கள்.
நூறு மைல் பேச்சில்லை.
பிறகு, "நிஜமாகவே கேட்டதா?"
"கேட்டது என்று நினைக்கிறேன்."
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நள்ளிரவில் பெட்ரோல் பங்க்.
அவள் அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.
பின்னால் இழுவண்டியின் பலகைமேல்
டர்னிப் கால் மாற்றி நின்றது.
ஒரு குளம்பு.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

சிக்னே
சத்தமில்லாமல் கண்ணாடியை இறக்கினாள்.